கார்னெல் குறிப்பேடு: அடிக்கட்டத்துக்காகவே வாங்கலாம்

பாடநூலையோ கட்டுரையையோ படித்துக்கொண்டே பக்கம் பக்கமாகக் குறிப்பெடுப்பவர்கள், சில வாரங்கள் கழித்து அதே குறிப்புகளைத் தேர்வுக்காகத் திரும்ப எடுக்கும்போது, அவை மூலநூலின் சிறிய நகலாக மட்டும் இருப்பதைக் கண்டு மீண்டும் நூலையே புரட்டத் தொடங்குவது பரவலாக நடப்பது. குறிப்பெடுத்து முடிப்பதற்கும் படிப்புக்கு உதவும் சுருக்கம் கையில் கிடைப்பதற்கும் நடுவில் தனியாக ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலைக்கென்று தாளிலேயே இடம் ஒதுக்கித் தருவதாகச் சொல்லி விற்கப்படுபவை கார்னெல் முறையில் கோடிட்ட குறிப்பேடுகள். பல நிறுவனங்கள் இவற்றை வெளியிடுகின்றன. தாளும் கட்டும் வேறுபட்டாலும் பக்க அமைப்பு ஒன்றுதான். ஏ4, பி5, ஏ5 ஆகிய மூன்று அளவுகளிலும், தைத்த கட்டு, சுருள்கம்பிக் கட்டு, வளையக் கோப்பில் செருகும் தனித்தாள் ஆகிய மூன்று வடிவங்களிலும் இவற்றை என் வாசிப்புக் குறிப்புகளுக்குப் பயன்படுத்திப் பார்த்ததன் அடிப்படையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். தாளின் தரத்தைவிடப் பக்க அமைப்பைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன், ஏனெனில் நாம் காசு கொடுப்பது அந்த அமைப்புக்குத்தான்.

அமைப்பு எளிமையானது. பக்கத்தின் இடப்புறத்தில் 2.5 அங்குல அகலத்தில் ஒரு பட்டை, வலப்புறத்தில் 6 அங்குல அகலத்தில் குறிப்பெழுதும் பரப்பு, அடியில் பக்கத்தின் முழு அகலத்துக்கும் 2 அங்குல உயரத்தில் ஒரு கட்டம். வலப்புறத்தில் குறிப்பும், இடப்புறத்தில் அந்தக் குறிப்பைத் தூண்டும் கேள்வியோ குறிச்சொல்லோ, அடிக்கட்டத்தில் பக்கத்தின் சுருக்கமும் எழுதப்பட வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் படிப்புத் திறனுக்காக உழைத்த பேராசிரியர் வால்டர் பாக் இதை வகுத்து, 1962இல் முதற்பதிப்புக் கண்ட தம் நூலின் வழியே பரவச் செய்தார். பதிவுசெய்தல், சுருக்குதல், பார்க்காமல் சொல்லிப்பார்த்தல், சிந்தித்தல், மீள்பார்வையிடுதல் என்று ஐந்து படிகளை அவர் சொன்னார். கடைகளில் கிடைக்கும் குறிப்பேடுகளின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் வழிமுறை பெரும்பாலும் முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடுகிறது. மூன்றாவது படியான சொல்லிப்பார்த்தல் அங்கே இல்லாமற்போவதைச் சிறிய குறையாக நான் கருதவில்லை. இந்த அமைப்பின் பயன் முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

முதலில் ஒரு பொருத்தமின்மையைச் சொல்லிவிட வேண்டும். இந்த முறை முதன்மையாக வகுப்பு விரிவுரைகளைக் கருதி வகுக்கப்பட்டது. விரிவுரையாளர் பேசியது காற்றோடு போய்விடும் என்பதால், கேட்டதை விரைந்து பதிந்துகொள்ள வலப்புறத்தில் தாராளமான இடம் தேவைப்பட்டது. நூல் அப்படிக் காணாமற்போவதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எனவே வாசிப்புக் குறிப்புக்கு இந்தத் தாளைப் பயன்படுத்துபவருக்கு வலப்புறப் பரப்பு தேவைக்கு மேல் பெரியது, அந்தப் பெரிய இடமே நூலின் வாக்கியங்களை அப்படியே பெயர்த்தெழுதத் தூண்டுகிறது. ஒரு பகுதியை முழுமையாகப் படித்து முடிக்கும்வரை பேனாவைத் தொடாமல் இருந்து, பிறகு வலப்புறத்தின் பாதியளவை மட்டும் நிரப்பும் வழக்கத்தைக் கடைப்பிடிப்பவருக்கு இந்தக் குறிப்பேடு நன்றாக உழைக்கிறது. வரிக்கு வரி எழுதுபவருக்கு இது வெறும் கோடுபோட்ட நோட்டுதான்.

அடிக்கட்டத்தில் என்ன எழுதுவது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்த்தால் இதன் அருமையும் சிக்கலும் சேர்ந்தே விளங்கும். இரத்த ஓட்டம் பற்றி ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட கருத்தை விளக்கும் ஒரு பாடத்தைப் படிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வலப்புறத்தில் நாம் எழுதுபவை இப்படி இருக்கும்: பண்டைய மருத்துவர் கேலனின் கருத்தின்படி உணவிலிருந்து கல்லீரலில் இரத்தம் உண்டாகிறது, உறுப்புகள் அதைச் செலவழித்துவிடுகின்றன, ஹார்வி ஒரு துடிப்பில் வெளியேறும் அளவை அரைமணி நேரத் துடிப்புகளால் பெருக்கிப் பார்த்தார், சிரைகளின் வால்வுகள் இதயத்தை நோக்கியே வழிவிடுகின்றன, 1661இல் மால்பிகி நுண்ணோக்கி வழியே தவளையின் நுரையீரலில் தந்துகிகளைக் கண்டார். இவற்றுக்கு நேரே இடப்புறப் பட்டையில் எழுத வேண்டியவை தலைப்புச் சொற்களாக இல்லாமல் கேள்விகளாக இருப்பது நல்லது. "கேலன் சொன்னது சரியென்றால் கணக்கு எங்கே உதைக்கிறது?" என்பது ஒரு கேள்வி. "ஹார்வியின் காலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த வழி எது?" என்பது இன்னொன்று. "கேலன்", "வால்வு" என்று வெறும் பெயர்களை எழுதி வைத்தால், பிறகு பார்க்கும்போது அவை பழகிய முகங்களாகத் தோன்றுமே தவிர நம்மிடம் எதையும் கேட்பதில்லை.

இப்போது அடிக்கட்டம். பெரும்பாலோர் எழுதும் சுருக்கம் இவ்வாறு அமையும்: "1628இல் ஹார்வி இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்தார். சிரைகளில் வால்வுகள் உள்ளன. 1661இல் மால்பிகி தந்துகிகளைக் கண்டார்." இதில் பிழையொன்றும் இல்லை, ஆனாலும் படிப்புக்கு இதனால் பயனும் இல்லை. மேலே இருந்த குறிப்புகளில் சிலவற்றை நீக்கிவிட்டு மற்றவற்றைக் கீழே இறக்கி வைத்ததுதான் இங்கே நடந்திருக்கிறது. இதே இடத்தில் இப்படியும் எழுதலாம்: "இதயம் அரைமணி நேரத்தில் வெளியேற்றும் இரத்தம் உடலில் உள்ள மொத்த இரத்தத்தைவிட மிகுதி. அவ்வளவையும் உணவிலிருந்து புதிதாக உண்டாக்க முடியாது. ஆகவே ஒரே இரத்தம்தான் திரும்பத் திரும்பச் சுற்றிவர வேண்டும். அது திரும்பும் திசையைச் சிரை வால்வுகள் காட்டுகின்றன. தமனியிலிருந்து சிரைக்குக் கடக்கும் வழியை மட்டும் ஹார்வி பார்க்கவில்லை. அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் மால்பிகி அதைக் காட்டினார்." முதல் சுருக்கத்தை மனப்பாடம்தான் செய்ய முடியும். இரண்டாவதில் ஒரு வாதம் இருக்கிறது. அதன் ஒரு கண்ணி நினைவில் இருந்தால் மற்றவற்றை நாமே வருவித்துக்கொள்ளலாம். ஒரு முடிவு எதிலிருந்து பிறந்தது என்பதைச் சொல்லாத சுருக்கம், எவ்வளவு நேர்த்தியான கையெழுத்தில் இருந்தாலும், நறுக்கிய பட்டியலாகவே நின்றுவிடும்.

இந்த வேறுபாட்டை ஆய்வாளர்களும் கண்டிருக்கிறார்கள். ஆன் பிரவுன், ஜீன் டே ஆகிய இருவரும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், பனுவலைச் சுருக்குவதற்கான விதிகளை வகைப்படுத்தி, எந்த வயதினர் எவற்றைக் கையாள்கிறார்கள் என்று சோதித்தார்கள். தேவையற்றதை நீக்குவதும், கூறியதையே கூறும் இடங்களை நீக்குவதும் சிறுவர்களுக்கே கைவந்தன. பல செய்திகளை ஒரு பொதுப்பெயரில் அடக்குவதும், மூலத்தில் இல்லாத மையக்கருத்து வாக்கியத்தைத் தானே ஆக்கி எழுதுவதும் வயதும் பயிற்சியும் கூடிய பிறகே வந்தன. மேலே காட்டிய முதல் சுருக்கம் நீக்கும் விதிகளால் மட்டும் ஆனது. இரண்டாவது, ஆக்கும் விதியால் ஆனது. குறிப்பேட்டில் கட்டம் போட்டுத் தந்துவிட்டால் ஆக்கும் திறன் தானாக வந்துவிடாது. கட்டத்தை நிரப்பிவிட்டோம் என்ற மனநிறைவு மட்டும் வந்துவிடும் ஆபத்தும் உண்டு.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்றும் இருக்கிறது. ஜான் டன்லோஸ்கியும் அவருடைய குழுவினரும் 2013இல், மாணவர்கள் கையாளும் பத்துப் படிப்பு உத்திகளை அதுவரை வந்த ஆய்வுகளின் துணையோடு எடைபோட்டு, அடிக்கோடிடுதல், மறுபடி படித்தல் ஆகியவற்றோடு சுருக்கம் எழுதுதலையும் குறைந்த பயனுள்ள உத்திகளின் வரிசையில் வைத்தார்கள். நன்றாகச் சுருக்கத் தெரிந்தவர்களுக்கு அது உதவும், ஆனால் பலருக்கு அதற்கே நீண்ட பயிற்சி வேண்டும் என்பது அவர்கள் சொன்ன முக்கியக் காரணம். உயர்ந்த பயனுள்ளவை என்று அவர்கள் மதிப்பிட்டவை இரண்டே: தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், படிப்பை இடைவெளி விட்டுப் பிரித்துக்கொள்வதும். அப்படியிருக்க, சுருக்கத்துக்கென்றே கட்டம் போட்ட குறிப்பேட்டை நான் ஏன் பரிந்துரைக்கிறேன் என்று கேட்கலாம். அந்தக் கட்டத்தை எப்போது, எதைப் பார்த்து நிரப்புகிறோம் என்பதில் விடை இருக்கிறது.

படித்து முடித்த கையோடு, வலப்புறக் குறிப்புகளைப் பார்த்துக்கொண்டே அடிக்கட்டத்தை நிரப்பினால் அது சுருக்கம் மட்டுமே. மறுநாள், நூலை மூடி வைத்து, வலப்புறத்தை ஓர் அட்டையால் மறைத்து, இடப்புறக் கேள்விகளுக்கு வாய்விட்டோ மனத்துக்குள்ளோ விடை சொல்லிப் பார்த்து, அதன் பிறகு நினைவிலிருந்து அந்தக் கட்டத்தை எழுதினால், அதே வேலை சோதனையாகவும் இடைவெளியிட்ட மீள்பார்வையாகவும் மாறிவிடுகிறது. எழுதி முடித்ததும் அட்டையை எடுத்துவிட்டு, விடுபட்டதையும் தவறியதையும் வேறு நிற மையில் திருத்த வேண்டும். அந்த வேற்று நிறம் எங்கெல்லாம் விழுகிறதோ அங்கெல்லாம் நமக்கு இன்னும் பிடிபடாத இடம் இருக்கிறது. மீள்பார்வையின்போது அவற்றை மட்டும் பார்த்தால் போதும். பச்சை மையால் நிறைந்த ஓர் அடிக்கட்டம், திருத்தமே இல்லாத பத்துப் பக்கங்களைவிட எனக்கு அதிகம் சொல்கிறது.

இப்படி நினைவிலிருந்து எழுதுவது தொடக்கத்தில் கடினமாகவும் வீண் உழைப்பாகவும் தோன்றும். அந்த எண்ணம் ஏன் நம்மை ஏமாற்றுகிறது என்பதை ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி ஆகியோரின் 2006ஆம் ஆண்டுச் சோதனை தெளிவாகக் காட்டுகிறது. ஒரு சிறு உரைப்பகுதியை ஒரு பிரிவினர் மறுபடியும் படித்தார்கள். மற்றொரு பிரிவினர் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னால் இருந்தார்கள்: 81 விழுக்காட்டுக்கு எதிராக 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: மறுபடி படித்தவர்களுக்கு 42 விழுக்காடு, நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கு 56. பார்த்துப் பார்த்து எழுதிய அழகான சுருக்கம் அன்றைக்கு நமக்கு நிறைவு தருவதும், தேர்வு நாளில் கைவிடுவதும் இந்தக் கணக்கின்படிதான். வெறும் கோடுபோட்ட நோட்டிலும் இதைச் செய்யலாமே என்றால், செய்யலாம். ஆனால் நாளைக்கு எழுத வேண்டும் என்று காலியாகக் காத்திருக்கும் ஒரு கட்டம் பக்கந்தோறும் கண்ணில் படுவது, அந்த வேலையைத் தள்ளிப்போட விடாமல் நம்மை இழுத்து உட்கார வைக்கிறது. இந்தப் பொருளின் மெய்யான மதிப்பு இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

சுருக்கம் சரியாக அமைந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது என்பதற்குக் குறிப்பேட்டின் வழிமுறைப் பக்கத்தில் எதுவும் இல்லை. நமக்கு அந்தக் குறையே இல்லை. நன்னூல், ஒரு நூலுக்குரிய பத்து அழகுகளைச் சொல்லும்போது சுருங்கச் சொல்லலை முதலிலும் விளங்க வைத்தலை அதன் அடுத்தும் வைக்கிறது. பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது குன்றக் கூறலை, அதாவது சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வதை, முதலில் நிறுத்துகிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் ஆகிய நான்கு குற்றங்களை அடிக்கட்டத்துக்கான உரைகல்லாக வைத்துக்கொண்டால், வேறெந்தச் சரிபார்ப்புப் பட்டியலும் தேவைப்படுவதில்லை. இவற்றில் குன்றக் கூறல்தான் நம்மை அதிகம் வஞ்சிப்பது. எழுதிய அன்றைக்கு மூலப்பாடம் மனத்தில் இருப்பதால் எழுதாமல் விட்டதையும் நாமே நிரப்பிக்கொண்டு படித்துவிடுவோம். சில வாரங்களில் அந்தத் துணை மறைந்துவிடும், சுருக்கம் மட்டும் ஊமையாக நிற்கும்.

அளவுகளைப் பொறுத்தவரை வாங்குவோர் கவனமாக இருக்க வேண்டும். மூல அமைப்பு 8.5 அங்குல அகலமும் 11 அங்குல உயரமும் உள்ள தாளுக்கானது. ஏ4 தாளில் அது சற்றே சுருங்கினாலும் பெரிதாகக் கெடுவதில்லை. அதே விகிதத்தை 148 மில்லிமீட்டர் அகலமுள்ள ஏ5 தாளில் அச்சிட்டால் இடப்புறப் பட்டை ஏறத்தாழ 4.4 சென்டிமீட்டராகவும், அடிக்கட்டம் 3.8 சென்டிமீட்டராகவும் ஆகிவிடுகிறது. தமிழில் எழுதுபவருக்கு இது பெரிய இடைஞ்சல். நம் எழுத்துகள் பலவும் அகலமானவை. சொற்கள் புணர்ந்து நீளும். வேற்றுமை உருபும் வினைமுற்றும் சேர்ந்த ஒரு சொல்லே அந்தப் பட்டையின் பாதியைப் பிடித்துக்கொள்ளும். கேள்வியை முழுதாக எழுத இடமில்லாதபோது கை தானாகவே ஒற்றைச் சொல்லுக்கு இறங்கிவிடுகிறது, கேள்வி தலைப்பாகச் சுருங்கிவிடுகிறது. 7 மில்லிமீட்டர் இடைவெளியில் கோடிட்ட ஏ5 அடிக்கட்டத்தில் ஐந்து வரிகள்தாம் கொள்ளும். மேலே காட்டிய ஹார்வி சுருக்கம் அதில் அடங்காது. ஏ4 தாளில் ஏழு வரிகள் கிடைக்கின்றன; இடப்புறப் பட்டையும் ஆறு சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. எனவே தமிழ்க் குறிப்புகளுக்கு ஏ4 அளவையே பரிந்துரைக்கிறேன். பி5 இடைப்பட்டது, பொடி எழுத்தில் எழுதுபவர்கள் சமாளிக்கலாம். கைப்பைக்கு வசதி என்பதற்காக ஏ5 வாங்குவது இந்த வேலைக்கு உகந்ததன்று.

கட்டு விஷயத்தில் என் தேர்வு தனித்தாளும் வளையக் கோப்பும். படிக்கும் வரிசை வேறு, படித்ததைத் தொகுக்கும் வரிசை வேறு. ஒரே பொருளைப் பற்றி மூன்று நூல்களில் எடுத்த பக்கங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் வசதி தைத்த நோட்டில் கிடையாது. சுருள்கம்பிக் கட்டில் வேறொரு தொல்லை உண்டு: தாளின் முன்பக்கத்தில் இடப்புறப் பட்டை கம்பியை ஒட்டியே வருவதால் கேள்விகளை எழுதும்போது கை கம்பியில் இடறுகிறது. தாள் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) அல்லது அதற்கு மேல் இருந்தால் மைப்பேனாவுக்கும் தாங்கும். அதற்குக் கீழே பந்துமுனைப் பேனாவே பொருத்தம்.

பக்கத்துக்கொரு சுருக்கம் என்ற ஏற்பாட்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. நூலாசிரியரின் வாதம் நம் நோட்டின் பக்க எல்லையைப் பார்த்து நின்று, அடுத்த பக்கத்தில் புதிதாகத் தொடங்குவதில்லை. பாதி வாதத்தைச் சுருக்கினால் கிடைப்பது முன்சொன்ன பட்டியல்தான். ஒரு பகுதி மூன்று பக்கங்களுக்கு ஓடினால் முதல் இரண்டு பக்கங்களின் அடிக்கட்டங்களைக் காலியாக விட்டுவிட்டு, மூன்றாவதில் முழுப் பகுதிக்கும் எழுதுவதே முறை. காலி இடம் கண்ணை உறுத்தும் என்றால், விளங்காத சொற்களையோ ஆசிரியரிடம் கேட்க வேண்டிய ஐயங்களையோ அங்கே எழுதி வைக்கலாம். அத்தியாயம் முடிந்ததும் அடிக்கட்டங்களை மட்டும் வரிசையாகப் படித்து, அவற்றை மூடிவைத்துவிட்டு, தனியாக ஒரு தாளில் அத்தியாயம் முழுவதற்கும் ஒரு சுருக்கம் எழுத வேண்டும். தேர்வுக்கு முந்திய நாள் கையில் இருக்க வேண்டியது அந்தத் தாள்தான். அப்படிப்பட்ட தொகுப்புத் தாள் ஒன்றை ஒவ்வோர் இருபது பக்கத்துக்கும் இடையில் அச்சிட்டுத் தரும் குறிப்பேடு எதுவும் என் கண்ணில் படவில்லை. யாரேனும் வெளியிட்டால் முதல் ஆளாக வாங்குவேன்.

கையால் எழுதினாலே மனத்தில் பதிந்துவிடும் என்று சொல்லி இவை விற்கப்படுவதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்கள் கருத்துக் கேள்விகளில் பின்தங்கினார்கள் என்று பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் ஆகியோர் 2014இல் காட்டியது பெரிதும் பேசப்பட்டது. பின்னர் அதை மறுபடி செய்து பார்த்த ஆய்வுகளில் அந்த இடைவெளி அவ்வளவு தெளிவாக வரவில்லை. தட்டச்சு செய்பவர்கள் சொன்னதைச் சொன்னபடியே அதிகமாகப் பதிகிறார்கள் என்பது மட்டும் நிலைத்து நிற்கிறது. ஆகவே கணினியில் இதே மூன்று பிரிவுகளை அமைத்துக்கொண்டு அளவோடு எழுதுபவர், தாளைக் கைவிட்டதனால் எதையும் இழந்துவிட மாட்டார். குறிப்புகளை உள்ளிட்டால் நொடியில் சுருக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் இப்போது கிடைக்கின்றன. நாம் நினைவிலிருந்து எழுதி முடித்த பிறகு, விடுபட்டது என்ன என்று ஒப்பிட்டுப் பார்க்க அவை உதவும். எழுதுவதற்கு முன்பே அவற்றின் சுருக்கத்தைப் படித்துவிட்டால், நினைவைச் சோதிக்கும் வாய்ப்பு நம் கையைவிட்டுப் போய்விடுகிறது.

வரலாறு, உயிரியல், பொருளியல், சட்டம் என்று வாதமும் காரணகாரியமும் நிறைந்த பாடங்களைப் படிப்பவர்களுக்கு ஏ4 தனித்தாள் வடிவத்தைத் தயங்காமல் சொல்வேன். கணிதம், இயற்பியல் போன்ற பாடங்களில் ஒரு வருவிப்பு பக்கத்தின் முழு அகலத்தையும் கேட்கும்; இடப்புறப் பட்டை அங்கே இடத்தைத் தின்பதோடு சரி. அவற்றைப் படிப்பவர்கள் கோடில்லாத ஏ4 தாளை வாங்கி, அடியில் ஐந்து சென்டிமீட்டரை மட்டும் தாங்களே கோடிட்டு ஒதுக்கிக்கொண்டு, இந்த வருவிப்பில் எந்தப் படி தானாகத் தோன்றாதது, அது ஏன் செல்லும் என்பதை மறுநாள் அந்த இடத்தில் எழுதிக்கொள்ளலாம்.